காதருகே ஒடித்த வைக்கோல்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று சொந்த லாரி வைத்திருக்கிறேன். என் லோடு எங்கேயும் திரும்பியதில்லை. மேலகரம் பக்கம் வைக்கோலில் எத்தனால் எடுக்கும் ஆலைக்கு வைக்கோல் லோடு கொண்டுபோன அன்று, குற்றாலச் சாரல் நெருங்கிவிட்டது. நனைந்தால் லோடு வீண். சோதிக்க வந்த கண்ணாடி போட்ட பெண்ணோ நிதானமாக ஒவ்வொரு வைக்கோல் தாளாக உருவி, காதருகே ஒடித்துக் கேட்டாள்.

“உள்ள தென்னமட்டை கெடக்கே, அண்ணாச்சி.”

“எல்லாம் எரியத்தானம்மா போவுது?”

“எரிக்கல, வேக வைக்கோம். மட்டை இளகுத சூட்டுல வைக்கோல்ல உள்ள சர்க்கரை கருகிரும், எத்தனால் தேறாது. பிரிச்சுத் தாங்க, தனித்தனியா வேக வைக்கேன்.”

முதல் துளி என் மண்டையில் விழுந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை அவளே தூக்கிப் பிடித்தாள். நான் மட்டைகளை உருவிப் போட்டேன். லோடு திரும்பவில்லை.

இப்போதும் லோடு கட்டுமுன் ஒரு தாளைக் காதருகே ஒடிக்கிறேன். அவளுக்கு என்ன கேட்டதோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.