மிச்சமிருந்த ஐந்தடி

இது கற்பனை அன்று. பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில், ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், சாலையோரப் பட்டறை ஒன்றில் நடந்தது. கண்ணால் கண்டவர்கள் கணவன், மனைவி இருவர். இருவரும் இன்றும் நலமாகவே இருக்கிறார்கள். அந்தப் பட்டறைக்குள் தனியாகப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கணவர் வாகனங்களில் மின்பழுது பார்ப்பவர். எந்த வண்டி நின்றாலும் முதலில் ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பார் என்பதால், அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘ஃபியூஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய தங்கை, மலைமேல் செல்லும் குடிநீர்க் குழாயில் கசிவு பார்க்கும் பணியில் இருந்தாள். அதற்காக அவளுடைய அலுவலகம் பழைய ஏ.டி.வி. ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் நான்கு பருத்த சக்கரங்களும் கொண்ட, மேடு பள்ளம் பாராமல் ஏறும் வண்டி. அதன் முன்புறத்தில் வின்ச் இருந்தது. சரிவில் சிக்கிக்கொண்டால், வின்ச்சின் இரும்புக் கயிற்றை ஒரு மரத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். கயிறு சுருளச் சுருள வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலேறும்.

பேட்டரியில் உயிர் இருந்தால் ஏறும். அந்த வண்டியில் பேட்டரி தங்கவே இல்லை. மூன்று புதிய பேட்டரிகள் மாற்றியாயிற்று. முந்தைய வாரம் செங்குத்தான சரிவில் எல்லாம் அணைந்து, வண்டி பின்னோக்கி நழுவி, ஒரு பாறை குறுக்கே நின்றதால் தங்கை பிழைத்தாள். மறுநாள் காலையில் அவள் அதே மலைக்குப் போயாக வேண்டும்.

“அண்ணா, இன்னொரு தடவை இது அங்க படுத்துச்சுன்னா நான் திரும்பி வர மாட்டேன். பார்த்துக்கோ.”

“வாயைக் கழுவு.”

“அப்படியே போயிட்டா உன் பீரோ சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போ,” என்றாள் அண்ணி.

“ஆசையைப் பாரு!” தங்கை சிரித்துக்கொண்டே கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள். “சொல்ல மறந்துட்டேன். வின்ச் கயிறு முழுசா சுருளாது. வாங்கின நாள்லேருந்தே அஞ்சடி வெளியே நிக்கும். நான் மடிச்சுக் கட்டிடுவேன்.”

அவள் போனபின் ஃபியூஸ் முறைப்படி வேலையைத் தொடங்கினார். ரப்பர் கையுறை அணிந்து, பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்தார். மீட்டரை வைத்தார். 12.7 வோல்ட். குறையில்லை. இன்ஜினை ஓடவிட்டு மீண்டும் வைத்தார். 14.2. சார்ஜும் ஒழுங்காக ஏறியது. ஊற்றுபவன் சரியாகத்தான் ஊற்றுகிறான், பானையில்தான் ஓட்டை என்று அவர் முடிவு செய்தார்.

இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்தார். பேட்டரியிலிருந்து செல்லும் கம்பியைச் சுற்றி, மின்னோட்டம் காட்டும் இடுக்கி மீட்டரைக் கவ்வவிட்டார். நிறுத்திய வண்டியில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது.

ஆறு ஆம்பியர் காட்டியது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான் என்பது கணக்கு. விளக்கு, ஒலிப்பான், மின்விசிறி… எண் அசையவில்லை.

“எல்லாப் பல்லையும் பிடுங்கியாச்சு. வலி போகலியா?” மனைவி கேட்டாள்.

“ஒண்ணு பாக்கி இருக்கு.”

வின்ச் ஃபியூஸ் பெட்டி வழியாகச் செல்வதில்லை. அதன் தடித்த கம்பி பேட்டரியிலிருந்து நேராகவே போகிறது. இடுக்கியை அந்தக் கம்பிக்கு மாற்றினார். அதே ஆறு ஆம்பியர். திருடன் அகப்பட்டான்.

ஆனால் வின்ச் ஓடவில்லை. அதன் கை சுவிட்ச் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. ஓடாத மோட்டார் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

எண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆறு… ஒன்பது… ஆறு… ஒன்பது…

“ஏங்க, யாரோ மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்குது.”

“சும்மா இரு. உள்ள சுவிட்ச் ஒட்டிக்கிட்டிருக்கு. உருளையில கயிறும் சிக்கியிருக்கும்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையை அவர் பலமுறை கேட்டதுண்டு. தாமே வெட்டுவோம் என்று அவர் நினைக்கவில்லை. தங்கை மடித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் நேராகக் கிடத்தினார். ஐந்தடி. நுனியில் வெறும் கொக்கி. மின்சுமை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே அதைச் சுருட்டிவிடலாம் என்று கை சுவிட்ச்சைப் பொருத்தினார். வெறுங்கயிற்றைச் சுருட்ட இருபது ஆம்பியர் போதும்.

பொத்தானை அழுத்தினார்.

உர்ர்ர்ர்…

அது வெறுங்கயிறு சுருளும் ஒலி அன்று. பாரம் தூக்கும் இயந்திரத்தின் முனகல். மீட்டர் நூறைத் தாண்டியது. நூற்று இருபது. நூற்று நாற்பது.

வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன் ஸ்பிரிங்குகள் இரண்டும் அமுங்கின… முன்னால் ஓர் ஆள் தொங்குவது போல.

தரையில் கிடந்த கயிறு மெல்ல எழுந்தது. விறைத்து, வண்டிக்கு முன்னால் நீட்டிய கோல் போல நின்றது. நுனியில் கொக்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில் நடுங்கியது.

எதையும் தொடாமல்.

மனைவி துடைப்பத்தை எடுத்துக் கொக்கிக்கு அடியில் வீசிப் பார்த்தாள். தடையில்லை. மேலே வீசினாள். அங்கும் ஒன்றுமில்லை.

கயிறு சுருண்டது. விரல் விரலாக.

பேட்டரி இறங்கியது. 11.6… 11.1… 10.7… முனகல் தேய்ந்தது.

ஃபியூஸின் கட்டைவிரல் பொத்தான்மேல் மரத்துப் போயிருந்தது. விட்டுவிடலாம். கயிற்றை மடித்துக் கட்டி, வண்டியை வெளியே தள்ளிவிடலாம். ஆனால் விடிந்தால் தங்கை இதை நம்பித்தான் சரிவில் ஏறுவாள்.

“நிறுத்தாதீங்க,” என்றாள் மனைவி. குரல் அவளுடையதாக இல்லை. “பாதியில விட்டா விழுந்துடுவாங்க.”

“யாரு?”

அவள் ஓடிப்போய், பக்கத்தில் நின்ற காரின் முன்மூடியைத் திறந்து, இணைப்புக் கம்பிகளை மாட்டினாள். கார் உறுமியது. வின்ச்சுக்கு உயிர் திரும்பியது.

மூன்றடி…

இரண்டடி…

கொக்கி ஊசலாடியது. காற்றில்லை.

ஒரு சாண்…

டக்.

கொக்கி, வண்டியின் முன்புறக் காப்பான முன்கம்பியைத் தொட்டது.

அமுங்கியிருந்த மூக்கு சட்டென்று எழுந்தது.

மீட்டரில் சுழியம்.

யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். அவரும் அல்லர். அவளும் அல்லள்.

பிறகு மனைவி முன்கம்பியைச் சுட்டிக்காட்டினாள். அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளின் சேற்றுத் தடம். விரல்கள் வெளியிலிருந்து உள்நோக்கி வளைந்து பற்றியிருந்தன. மதில் ஏறுகிறவன் பற்றுவானே, அப்படி. சேறு ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“என் கைதான்,” என்றார் ஃபியூஸ்.

மனைவி அவருடைய கையுறையைப் பார்த்தாள். அதில் சேறு இல்லை. ஒரு துணியை நனைத்து எடுத்துவந்து, தானே துடைத்தாள்.

அதன்பின் எத்தனை முறை சோதித்தும் மின்கசிவு இல்லை. காலையில் தங்கை வந்தாள். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. போகாதே என்ற சொல் ஃபியூஸின் நாக்கு நுனிவரை வந்தது. என்ன காரணம் சொல்வது? சொன்னால் சிரிப்பாள். வண்டியோ முன் எப்போதும் இல்லாத அளவுக்குச் சரியாக இருந்தது. அவர் சொல்லவில்லை.

முற்பகலில் தொலைபேசி அடித்தது.

“அண்ணா…” தங்கையின் குரல் கிசுகிசுத்தது. “பள்ளத்து ஓரமா நிக்கறேன். குழாயைப் பார்க்க இறங்கினேன். சாவி என் பையில இருக்கு. ஆனா… வின்ச் கயிறு தானா வெளியே போகுது.”

“என்னது?”

“பள்ளத்துக்குள்ள இறங்குது. நான் தொடவே இல்ல. கொக்கி கண்ணுக்கே தெரியல. எல்லாக் கயிறும்… இரு. நின்னுடுச்சு.”

அவருக்கு அவளுடைய மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் வேறோர் ஒலியும் கேட்டது.

உர்ர்ர்ர்…

“சுருளுது அண்ணா. கனமா சுருளுது. வண்டி மூக்கு அமுங்குது…”

“வண்டியை விடு! திரும்பிப் பாக்காம ஓடி வா. ஓடு!”

அவள் ஓடினாள். மூன்று கல் தொலைவு ஓடியே இறங்கி வந்தாள். அன்று அண்ணியின் மடியில் தலைவைத்துப் படுத்தவள், மாலைவரை எழவில்லை. அலுவலகத்தார் நால்வர் போய் வண்டியை மீட்டு வந்தனர். கயிறு முழுவதும் ஒழுங்காகச் சுருண்டிருந்தது. பேட்டரி 12.7 காட்டியது. வண்டியில் பழுதே இல்லை என்றனர்.

மறுநாள், வண்டியை விற்ற தரகரிடம் கேட்டு, அதை முன்பு ஓட்டிய ஓட்டுநரை ஃபியூஸ் தொலைபேசியில் பிடித்தார். அந்த மனிதர் முதலில் மழுப்பினார். ‘ஐந்தடி’ என்றதும் அடங்கினார்.

“குழாய் போடும்போது ஒருத்தன் பள்ளத்துல இருந்தான் சார். இடுப்புல கயித்தைக் கட்டி, இந்த வின்ச்சாலதான் இழுத்தோம். மேல வர அஞ்சடி இருக்கு. பேட்டரி படுத்துடுச்சு. மண்ணு சரிஞ்சுது. ஆளே கிடைக்கல. கயிறு மட்டும் கையில வந்துச்சு. அன்னிலேருந்து அந்த அஞ்சடி சுருளவே இல்ல.”

“முந்தாநாள் சுருண்டுடுச்சு.”

மறுமுனையில் அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் ஓசை கேட்டது.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றார் ஃபியூஸ். “அன்னிக்குப் பள்ளத்துல அவன் ஒருத்தன்தானா?”

“இல்ல சார். ரெண்டு பேரு. அண்ணன், தம்பி. அண்ணன்தான் தம்பியை முதல்ல கயித்துல கட்டி விட்டான். ‘இவன் மேல வந்ததும் கயித்தைத் திருப்பி எனக்குப் போடுங்க’ன்னு கீழேருந்து கத்திக்கிட்டே இருந்தான்.”