பன்னிரண்டு பேருக்கு ஒரு மரம்

மகளை அவளுடைய புதுப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். உள்ளே தண்டவாளத் துண்டில் மணி அடிக்கிறார்கள். அந்த இரும்புச் சத்தம் என்னைப் பதின்மூன்று வயதில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கடற்கரைக் கிராமத்திலிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிது. ஆயிரம் பிள்ளைகளுக்குள் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் மட்டும் குழு நேரம்: பன்னிரண்டு பேருக்கு ஒரு ரீச்சர், ஒரு மரம். எங்களுக்குப் பாலைமரம், அதன் பழப்பால் ஒட்டிய உதடுகளோடு ஓயாத கதை. ரீச்சர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடமாட்டா. வராத பிள்ளைக்கு என்ன நடந்ததென்று பக்கத்தில் இருப்பவர் சொல்லவேண்டும்.

இனிப் போவதில்லையென்று ஒரு கிழமை வீட்டில் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருக்கும் வதனிக்குக் காரணம் தெரியவில்லை. "அவளுக்குக் கொப்பளிப்பான், ரீச்சர்" என்று அளந்துவிட்டிருக்கிறாள். சனிக்கிழமை பதினொரு பேரும் அம்மை கண்டவளுக்கென்று வேப்பிலையும் இளநீருமாகச் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். நான் முற்றத்தில் பொரித்த மீனும் சோறும் தின்றுகொண்டிருந்தேன்.

"எங்கையடி கொப்பளிப்பான்?" என்றாள் வதனி, தன் பொய்யைத் தானே நம்பிவிட்டவள்போலத் திகைத்து.

"அங்க என்னை ஆருக்கும் தெரியாது. நான் வரேல்லை."

"முற்றம் முழுக்கச் சைக்கிள் நிக்குது. இன்னும் ஆர் வேணும் உனக்கு?"

அம்மா சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் மீன் பொரித்தா. புறப்படும்போது படலையடியில் வதனி திரும்பிப் பார்த்தாள்.

"திங்கள் வா. வரேல்லையெண்டா, உனக்குக் கலியாணம் எண்டு ரீச்சரிட்டைச் சொல்லிப்போடுவன்!"