சாமி தூக்கறவருக்கு ஒரு டம்ளர் காபி

ஜிம் டிரெய்னர் வேலையில ஒருத்தரை எடை தூக்க வைக்கறது சுலபம். காபி டம்ளரைக் கீழே வைக்க வைக்கறதுதான் பெரும்பாடு. என்னை மாதிரி விசிலை மாட்டிக்கினு தொண்டை கிழியக் கத்தற பாவப்பட்ட ஜன்மங்களுக்கு இது புரியும்.

சின்ன காஞ்சிபுரத்துல எங்க ஜிம். தை மாசம் தாமோதரன் வந்து சேர்ந்தாரு. பட்டுக் கடை சேல்ஸ்மேன், நாற்பது தாண்டின ஆளு. திருவிழாவுல சாமி தூக்கற குழுவுல இருக்காரு. போன வருஷம் பாதி வீதியிலேயே தோள் தாங்காம பல்லக்குத் தண்டை இன்னொருத்தருக்கு விட்டுட்டாராம். "இந்த வாட்டியும் தோளை எடுத்தீன்னா உனக்குத் தீவட்டி பிடிக்கற வேலைதான்"னு குழுவுல சொல்லிட்டாங்களாம். சொல்றப்பவே மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சுபா.

இட்லி சேர்த்தி

காலையில கொட்டாவி விட்டுக்கினே வருவாரு. "பயிற்சிக்கு முக்கா மணி நேரம் முன்னாடி கொஞ்சம் காபி குடிச்சிட்டு வாங்க, சுறுசுறுப்பா இருக்கும்"னேன். நான் நினைச்சது கடுங்காபி. மறுநாள் ரெண்டாவது ஸ்குவாட்ல உட்கார்ந்து எழுந்திரிக்கறப்பவே வாயைப் பொத்திக்கினு வாசலுக்கு ஓடினாரு. கேட்டா, கெட்டிப் பால்ல ஒரு சொம்பு காபியாம். கூடவே மிளகும் சுக்கும் போட்ட நம்ம ஊரு இட்லியாம். வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! அவரு அசரவே இல்ல. "காபி குடின்னீங்க மாஸ்டர், இட்லி வேணாம்னு சொன்னீங்களா?"

சாயங்கால டம்ளர்

கடுங்காபிக்கு மாறினாரு. தோளும் தேறிச்சு. உடனே ஆசை வந்துடுச்சு. சாயங்காலமும் ஒரு டம்ளர் போட்டுக்கினு ரெண்டாவது வாட்டி பயிற்சிக்கு வர ஆரம்பிச்சாரு. ஒரு வாரத்துல கண்ணு ரெண்டும் குழி விழுந்து, முன்னே தூக்கின எடையே தூக்க முடியல. கடையில அரக்கு கலர் கேட்ட கல்யாணப் பார்ட்டிக்குப் பச்சையா விரிச்சுப் போட்டுக்கினு இருந்தாராம்.

உடம்பு தேர்றது தூக்கத்துலதான். மதியத்துக்கு மேல காபி கூடாதுன்னு நான் அவருக்குச் சொல்லிக்கினு இருக்கறப்பவே அவரு வீட்டம்மா ஜிம்முக்கே வந்துட்டாங்க. "தோளைத் தேத்தறது உங்க பொறுப்பு, சரி. தூங்க வைக்கறதுக்கு நான் என்ன தாலாட்டா பாடறது?"

தலையிடி

திருவிழா நெருங்கினப்போதான் சாவகாசமா ஒரு சேதி சொன்னாரு: சாமி தூக்கற அன்னிக்கு, சாமியை இறக்கற வரைக்கும் அவங்க குழுவுல பச்சைத் தண்ணி தவிர எதுவும் குடிக்க மாட்டாங்களாம். காபியும் கிடையாது. ஒரு நாள் காபி இல்லாம வரச் சொல்லிப் பார்த்தேன். தலையைப் பிடிச்சிக்கினு பெஞ்சுல உட்கார்ந்தவரு எழுந்திரிக்கவே இல்ல.

அப்புறம் என்ன பண்றது? ஒரு டம்ளரை முக்காலாக்கி, பாதியாக்கி, கடைசியில வாசனையோட நிறுத்தினேன். அந்த நாளெல்லாம் அவரு என்னைத் திட்டாத திட்டு இல்ல. எங்க ஜிம்லயே இன்னொரு டிரெய்னர் இருக்கான், குமார். அவன் சிரிச்சிக்கினே கேட்டான்: "பழக்கி விட்டதும் நீயி, பிடுங்கறதும் நீயி, நடுவுல அவரு என்னப்பா பண்ணுவாரு?"

வீதி முனை

வைகாசியில அந்த நாளும் வந்துச்சு. தாமோதரன் முன் தண்டுல. நான் கூட்டத்துல இடிபட்டுக்கினு அவரு தோளையே பார்த்துக்கினு வந்தேன். வழியில தென்பட்ட டீக்கடையிலெல்லாம் நின்னு காபி குடிச்சேன், அவ்வளவு பதட்டம். போன வருஷம் தோளை எடுத்த முனை வந்துச்சு. பல்லக்கு ஒரு பக்கம் சாஞ்சுது. அவரு முட்டி மடங்கிச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு! பல்லைக் கடிச்சிக்கினு நிமிர்ந்தாரு பாருங்க, அப்படியே மண்டபம் வரைக்கும் கொண்டாந்து சேர்த்துட்டாரு.

சாமியை இறக்கினதும் பக்கத்துக் கடையில சூடா ஒரு காபி வாங்கிக்கினு ஓடினேன். எனக்கு அழுகைதான் வந்துச்சு. தோள்ல தண்டு பதிஞ்ச சிவப்போட நின்ன மனுஷன், டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாரு. "மொதல்ல அதைக் கீழ வைங்க மாஸ்டர், கை நடுங்குது உங்களுக்கு."

ஆக, எங்க தொழில்ல தூக்கறது அவங்க, தூக்கம் தொலைக்கறது நாங்க.