ஹிஸ்டரியை மட்டும்தான் அழித்திருந்தேன்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு நானும் என் நாத்தனாரும் செஞ்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவள் தன் போனை நீட்டினாள். அதில் என் பாஸ்வேர்டைப் போட்டு மேட்ரிமோனி தளத்தைத் திறந்தேன். என் மகளைப் பெண் பார்க்க வருவதாகத் திண்டிவனத்து வரன் வீட்டார் எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தோடு ஹிஸ்டரியை அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தேன்.

அவர்கள் வரவே இல்லை. மனம் விட்டுப்போய் நானும் அந்தத் தளத்தைத் திறக்கவில்லை.

சில மாதங்களில் நாத்தனார் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளை அதே திண்டிவனத்துப் பையன்!

உடனே என் போனில் தளத்தைத் திறந்தேன். "இப்போதைக்கு எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதாக இல்லை" என்று என் பெயரில் அவர்களுக்குச் செய்தி போயிருந்தது. நான் எழுதாத செய்தி.

"உன் போனைக் குடு" என்று வாங்கி அதிலும் தளத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்காமலே என் மகள் படம் வந்து நின்றது.

"இன்னா அண்ணி, நீங்கதான் அன்னிக்கே அழிச்சிட்டீங்களே?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஹிஸ்டரியை அழித்தால் பார்த்த பக்கங்களின் வரிசைதான் போகும். நாம் உள்ளே நுழைந்ததை நினைவில் வைக்கும் குக்கீஸ் என்ற பதிவுகள் இருக்கும்வரை நம் கணக்கு திறந்தே கிடக்கும். அவள் எதிரிலேயே லாக்-அவுட் செய்து, செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் தகவல் முழுவதையும் நீக்கி, பாஸ்வேர்டையும் மாற்றினேன். இப்போது அடுத்தவர் போனில் நான் எதையும் திறப்பதில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை என்பதால் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் என் மகளின் போன் அணைந்துபோக, "இந்தா, என்னுதுல பாரு" என்றாள் நாத்தனார்.

"வேணாம் அத்தை" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள் என் மகள்.