மரவள்ளித் தோல் தின்ற கலெக்டர்

சின்னசேலம் பக்கம் பஸ்ஸில் போனால் ஒரு இடத்தில் புளித்த நாற்றம் ஒன்று ஜன்னல் வழியாக ஏறும். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கு ஊறிய தண்ணீரின் நாற்றம். போன வாரம் பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா நாத்தம்மா இது!" என்றாள். நானும் பொத்திக்கொண்டேன். ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது மில் இல்லை, கலெக்டர்.

பயந்துவிடாதீர்கள், கலெக்டர் என்பது என் ஆட்டுக்கிடா. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிதில் பிறந்தது. நான் அப்போது தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க 'உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு' என்று அடித்துவிட்டு வந்தால், தாய் செத்துப்போன அந்தக் குட்டி காலைச் சுற்றும். பாட்டில் பால் கொடுத்து வளர்த்தேன். வீட்டில் நானும் அதுவும்தான். ராத்திரி கட்டிலில் ஏறி எனக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். "மனு குடுத்தா ஒங்க கலெக்டரு கையெழுத்துப் போடுவாரா?" என்று தெருவே கிண்டலடிக்கும். எனக்குப் பெருமைதான், போங்கள்.

பக்கத்து வீடு செல்வி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கூலி வேலைக்குப் போகாத நேரத்தில் தெருக்காரர்களின் வெள்ளாடுகளை வாரத்துக்கு வளர்த்தாள். ஆடு அவர்களுடையது, பிறக்கும் குட்டியில் பாதி இவளுக்கு. கல்வராயன் மலைப்பக்கம் கிழங்கு பிடுங்கப் போனால் ஒரு பை கொண்டுவருவாள். உப்புப் போட்டு அவித்து, வரமிளகாய் கிள்ளித் தாளித்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் மரவள்ளியைத் தொடுவதே இல்லை என்று எழுத ஆசைதான். தொடுகிறேன், இரண்டு தட்டு சாப்பிடுகிறேன்.

கிழங்கு நமக்கு ஆகும். அதன் பச்சைத் தோல் ஆட்டுக்கு ஆகாது. வயிறு உப்பி, நுரை தள்ளிச் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது.

அன்று காலை நான் பஸ்ஸுக்குத் தலையை வாரிக்கொண்டு ஓடுகிறேன். செல்வி வாசலில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, கலெக்டரக் கட்டிட்டுப் போக்கா. தோலு கெடக்குது, அப்புறமா அள்ளிப் போட்டுர்றன்" என்றாள். "ஆங், ஆங்" என்றேன். கட்டினால் அது கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு என்னால் போக முடியாது. அவள்தான் அள்ளிவிடுவாளே என்று அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவளோ தன் பொறுப்பில் இருந்த ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, தோலை அள்ள மறந்து நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்தபோது கலெக்டர் அவள் வாசலில் காலை விறைத்துக்கொண்டு கிடந்தது. தெரு கூடியிருந்தது. யாரோ ஒருவன், "கலெக்டரு செத்துட்டாரா? அப்ப நாளிக்கி ஆபீசு லீவா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படிக் கேட்டவனை அறைந்திருக்க வேண்டும். நான் செல்வியைப் பிடித்துக்கொண்டேன்.

"தோல அள்ளாத போனது என் தப்புதான்க்கா" என்று அழுதாள். "ஆனா காத்தாலயே கட்டச் சொன்னனேக்கா."

"எப்ப சொன்ன? எங்கிட்டயா சொன்ன? பொய் சொல்ற வாயில புழு வைக்கும்டி! பட்டியில இருக்கறதெல்லாம் பத்திரமா இருக்குது, என் ஆடு மட்டும் கேக்க நாதியில்லாத ஆடா?"

இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினேன். அவள் தலையில், தோளில் எல்லாம் மண். தட்டிவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அங்கே தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

தெரு என்னை நம்பியது. நான் படித்தவள், டைப் அடிக்கிறவள். ஒரு மாதத்துக்குள் ஒவ்வொருவராக வந்து வாரத்துக்கு விட்டிருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம், "நெசமாவே அவ சொல்லலியா?" என்று கேட்டாள். "சொல்லவேயில்ல" என்றேன். இரண்டாவது முறை பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? பட்டி காலியானதும் செல்வி புருஷனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நேராக அவளிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"யக்கா, எம்மேல கோவம் போச்சாக்கா? அன்னிக்கி ஒங்கிட்ட சொன்னன் சொன்னன்னுதான் ரொம்ப நாளு நெனச்சிக்கினு இருந்தன். படிச்ச பொண்ணு நீ, அவ்ளோ பேர் முன்னால அடிச்சி சொன்னியே. யோசிச்சி யோசிச்சி இப்ப எனக்கே தெரியலக்கா. நெனப்புலதான் சொன்னனோ இன்னாவோ. மன்னிச்சுடுக்கா."

சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவால்ல, விடு செல்வி" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை எடுக்கப் போனாள். அந்தக் காலையில் அவள் சொன்னது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.