கை படாத நாலாவது சக்கரம்

"வண்டி நல்லா இருக்கு. வீல்தான் பொம்மை மாதிரி இருக்கு. சரிபண்ணி அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வேற போட்டோ அனுப்புங்க, பார்க்கலாம்."

சென்னையிலிருந்து வந்த இந்தச் செய்தியை அன்றைக்கு இருபது தடவையாவது படித்திருப்பேன். சின்ன அளவுக் கார்கள் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். மேஜையில் இடம் வேண்டுமென்றால் முதலில் போட்டோ அனுப்ப வேண்டும். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்பர் பிளேட் எழுதுகிறவன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தக் குழுவில் இருப்பவர்கள் டாக்டர், இன்ஜினியர் என்று படித்தவர்கள். ஆறு வருஷமாக, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயிண்ட் அடித்து, கார் செய்துகொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவர்கூட என் கார் ஒன்றை நேரில் பார்த்ததில்லை. அந்த மேஜையில் ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம், சேர்த்துக்கொள்வார்களா, நைசாகக் கழற்றிவிடுகிறார்களா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைய பொம்மை மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க. அதுல இன்னா தப்பு?" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு ஒரு கேள்வி உள்ளே புகுந்துகொண்டது. நான் போட்டோ அனுப்பியிருந்த கார், வால் நீண்ட ஒரு பழைய வெளிநாட்டு வண்டி. சக்கரம் ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவு. கம்பெனியிலேயே குரோம் பூச்சு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. நிஜக் காரின் சக்கரமும் குரோம், இதுவும் குரோம். பிறகு ஏன் அது சக்கரமாகவும் இது பொம்மையாகவும் தெரிகிறது?

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கோட்டை பார்க்க வந்தவர்களை இறக்கிவிட்டு ஒரு டூரிஸ்ட் வேன் நின்றிருந்தது. புது வீல் கப், நல்ல குரோம். பக்கத்தில் குந்திப் பார்க்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் பின்னால் நின்றிருக்கிறான்.

"இன்னாண்ணா, ரொம்ப நேரமா குந்தினு இருக்கிற. கழட்டலாமா, ஸ்பானர் தரட்டுமா?"

திருடன் என்று நினைத்துவிட்டான். "இல்லப்பா. இது இன்னா கலர்னு பாக்கிறேன்."

"இது தெரியலயா? வெள்ளிக் கலரு."

"வெள்ளி எங்க இருக்குது, காட்டு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அவனும் குந்தினான். மேலே நீலம், அது வானம். கீழே செம்மண் கலர், அது தரை. நடுவில், வானமும் தரையும் சேருகிற இடத்தில், ஒரு கறுப்புப் பட்டை. அதில் மஞ்சளாக ஒரு புள்ளி, என் சட்டை. நட்டுகளைச் சுற்றி இருட்டு. காற்றுப் போகிற ஓட்டைகளில் நல்ல இருட்டு. விரலால் ஒவ்வொன்றாகத் தேடினான்.

"அப்ப வெள்ளியே இல்லியா?" என்றான். "போன மாசம்தான் மாட்டினேன். ஏமாத்திட்டானா?"

"ஏமாத்தல. நல்ல குரோம்தான். அதுக்குன்னு சொந்தமா கலரே கிடையாது."

"காலங்காத்தால கொழப்பிவுட்டுட்டுப் போறியேண்ணா" என்று எழுந்துகொண்டான். நான் கடைக்குத் திரும்பும்போது, அவன் பின் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தான்.

நான் கண்டுபிடித்தது இதுதான். என் சக்கரத்தில் பளபளப்பு குறையவில்லை, இருட்டு குறைகிறது. அவ்வளவு சின்னப் பொருளில் பள்ளம் மேடு எல்லாம் ஒரே மாதிரி மின்னுவதால் கண் ஏமாற மறுக்கிறது. பள்ளத்தில் நானே இருட்டை ஊற்ற வேண்டும். கம்பெனிப் பூச்சு கெட்டியாக இருந்து நட்டின் ஓரங்களையே மூடியிருந்தது. அதனால் அதை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத் தீர்மானித்தேன்.

தீர்மானிப்பது சுலபம். பாத்ரூம் கழுவும் பிளீச்சை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி நாலு சக்கரத்தையும் போட்டேன். அரைமணி நேரத்தில் குரோம் எல்லாம் ஏடு மாதிரி கழன்று போய், அழுக்குப் பல் நிறத்தில் நாலு பிளாஸ்டிக் வட்டங்கள் கிடந்தன. வேறு சக்கரம் கிடையாது. பெட்டியில் வந்ததே நாலுதான்.

குரோம் பெயிண்டுக்கு அடியில் பளபளப்பான கறுப்பு அடிக்க வேண்டும். அடியில் எவ்வளவு கறுப்போ, மேலே அவ்வளவு மின்னும். ஏன் என்று இன்றுவரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் வெள்ளைக்கு மேல் அதே குரோமை அடித்துப் பார்த்தேன், அலுமினியச் சட்டி மாதிரிதான் வந்தது.

சக்கரத்தின் ஓர வளையம் இன்னொரு வேலை. நம்பர் பிளேட்டில் நேர்க்கோடு இழுக்கிற கை, அவ்வளவு சின்ன வட்டத்தில் தடுமாறும். கையை அசைக்காமல் சக்கரத்தைச் சுற்ற வைத்தால்? மனைவியின் தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற கம்பி இருக்கிறது. அதில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, சக்கரத்தின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை ரப்பரில் குத்தி மாட்டினேன். அவள் மிதித்தாள். நான் பிரஷ்ஷை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா மிதி."

"இதுக்கு மேல மெதுவா மிதிச்சா மிஷின் தூங்கிடும்."

"மூச்சு விடாத."

"நான் மூச்சு விட்டா உங்க வீலுக்கு இன்னா?"

வட்டம் தானாகவே வந்து சேர்ந்தது. காம்பஸ் வைத்தாலும் அப்படி வராது. நாலு சக்கரமும் முடிந்தன. நட்டுகளைச் சுற்றி, நன்றாகத் தண்ணீர் கலந்த கறுப்பை ஊசி முனையால் விட்டேன். அது தானே ஓடி ஓடிப் பள்ளம் தேடிப் போய் உட்கார்ந்தது. ஒரு முழுநாள் தொடக்கூடாது என்று பாட்டிலில் போட்டிருந்தது.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நாலாம் தரம் பார்க்கிறவன். வியாழக்கிழமை மத்தியானம், காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான், நாலாவது சக்கரத்தைக் கட்டை விரலால் லேசாகத் தொட்டேன்.

குரோம் போய்விட்டது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் என் ரேகை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வல்லம் பக்கம் கடலை போட உழுத நிலம் மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கியது என் கார். அப்படியென்றால் அந்தச் சக்கரத்துக்கு நான் யார்? கணக்குப் போட்டேன், நூற்று முப்பது அடி வந்தது. அவ்வளவு உயர ஆள் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் குனிந்து, வேனின் வீல் கப்பில் கட்டை விரலை வைத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறான். அந்தக் கவலையிலும் இதை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"அந்த வீல மறுபக்கம் வச்சி போட்டோ எடுங்களேன்" என்றாள் மனைவி.

"எடம் கெடச்சா மேஜைய சுத்திச் சுத்திப் பாப்பாங்க. தெரிஞ்சிடும்."

ரேகை பட்டதை ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி கறுப்பு, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். பாட்டிலில் குரோம் அடியில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. இன்னொரு தரம் கெட்டால் அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் மிதிக்க, நான் அடித்து, நட்டுகளைச் சுற்றிக் கறுப்பும் விட்டு முடித்தேன். இருக்கிற எல்லாக் குரோமும் அந்தச் சக்கரத்தின் மேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் இரண்டு தடவை அதன் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டாவது தடவை என் விரல் நீண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். சின்ன டிபன் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் ரப்பர் துண்டைப் பசை போட்டு ஒட்டி, சக்கரத்தை அதன் பின்பக்கக் குச்சியால் பிடித்து ரப்பரில் குத்தி நிறுத்தினாள். மூடினாள். பனமலையில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. டப்பாவும் ஜாக்கெட் பையில் போனது.

"பஸ்ஸுல குலுங்குமே."

"உங்க கைய விட பஸ்ஸு மேல்."

அன்றைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மூடி உரசுமா, வெயிலில் டப்பா சூடாகுமா, கல்யாண வீட்டில் யாராவது திறந்து மாத்திரை என்று வாயில் போட்டுக்கொள்வார்களா. மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை "டப்பா நல்லா இருக்குது, நான்தான் இன்னும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நாலரை பஸ்ஸுக்கு நாலு மணிக்கே போய் நின்றேன். பஸ் ஐந்தேகாலுக்கு வந்தது. இறங்கினதும் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவளே திறந்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன்.

மேலே சாயங்கால வானம், கீழே டப்பாவின் இருட்டு. நட்டுகளைச் சுற்றி வைத்த இடத்தில் வைத்த நிழல். நடுவில் கறுப்பாக ஒரு பட்டை. அதில் ஒரு புள்ளி, என் தலை. தலையை இடது பக்கம் சாய்த்தேன். அதுவும் சாய்ந்தது.

வீட்டுக்கு ஓடி, இடுக்கியால் பின்பக்கம் பிடித்து மாட்டி, ஐந்து ஐம்பதுக்குப் போட்டோ அனுப்பினேன். பதில் திங்கட்கிழமை வந்தது. இடம் ஒதுக்கியாகிவிட்டது, காரைப் பத்திரமாகப் பேக் பண்ணி நேரில் கொண்டுவரவும் என்று இருந்தது.

இந்தத் தடவை ஒரு சக்கரம் இல்லை, முழுக் கார், நாலு சக்கரம். செஞ்சியிலிருந்து சென்னை வரைக்கும் பஸ். எதில் வைத்து எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் பரண் மேலிருந்து பெரிய டப்பாவை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஜன்னல் சீட்டு. டப்பா எங்கிட்ட" என்றாள்.