முதல் நோட்டீஸ் எங்கள் ஆபீசுக்கே

எதையாவது விட்டுவிடுவேனோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே முதலில் குறிப்பு:

1. செய்தி வந்த விதம்.
2. ஓவர்சியர் கொடுத்த முதல் நோட்டீஸ்.
3. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள்.
4. அவர் பயம் அறியாதவர் என்பது.

போன செவ்வாய்க்கிழமை அரியலூரில் பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பேரூராட்சியின் பழைய பில் கலெக்டர் வந்து, ஓவர்சியர் கலியமூர்த்தி காலமாகிவிட்டார் என்றார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். துக்கத்தால் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்து, மனம் அன்று போலவே படபடத்தது. நின்ற இடத்திலேயே அவரிடம் முழுக்கதையையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஓவர்சியரோடு பழகிய உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஊரெங்கும் ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டினார்கள். இடிபாடெல்லாம் மாட்டு வண்டியேறி ஏரி வாய்க்காலில் இறங்கியது. இரண்டு வருடமாக ஏரி பாதிகூட நிரம்பவில்லை. இன்னொரு வருடம் இப்படிப் போனால் ஏரிக்குக் கீழே சம்பா நடவே இல்லை என்ற நிலை.

ஓவர்சியர் ஒரு விதி கொண்டுவந்தார். இடிபாடு ஊருக்குக் கிழக்கே கைவிடப்பட்ட கல்குழிக்குத்தான் போக வேண்டும். அதிலும் சுவர் மண்ணை வயலுக்கும், செங்கல் துண்டைத் தரை போடவும் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். “யாரும் கேக்காதது மட்டுந்தான் குழிக்கு” என்பார். வாய்க்காலில் கொட்டியவர் ஏழு நாளில் தாமே அள்ள வேண்டும். தீர்மானத்தை எழுதியவன் கிளார்க்காக இருந்த நான். சட்டத்தில் இடமிருக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன்.

மறுநாள் காலையே வாய்க்கால் கரையில் ஒரு வண்டியை மறித்தார். வண்டிக்காரர் இறங்கவே இல்லை.

“போன வருசம் ஒங்க பழைய ஆபீச இடிச்சு இங்கதான கொட்டுனீங்க? எங்க வூட்டு மண்ணுன்னா ரப்பீசு, ஒங்க ஆபீசு மண்ணு மல்லியப்பூவா சார்?”

அங்கே இருந்ததில் பெரிய மேடு எங்களுடையதுதான். அங்கே கொட்டலாம் என்று குறிப்பு எழுதியவனும் நானே.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஓவர்சியர் நாற்காலியில் உட்காராமலே சொன்னார்: “மொத நோட்டீச நமக்கே அடிங்க சார்.”

நிர்வாக அதிகாரி நினைத்தால் அன்றே இருவரையும் சஸ்பெண்ட் செய்திருக்கலாம். டைப்ரைட்டரில் மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது, இரண்டு எழுத்துப் பிழையோடு, தேறியது. அனுப்பும் பதிவேட்டில் எழுதினேன். பிறகு மேசையின் மறுபக்கம் வந்து, வரும் தபால் பதிவேட்டில் அதையே பெற்றுக்கொண்டு முத்திரை குத்தினேன்.

அதிகாரி படித்தார். யார் இதை வாங்கியது என்று கேட்டார். நான் என்றேன். அனுப்பியது? அதுவும் நான்தான். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஓவர்சியர் மட்டும், “ஏழு நாள் டயம் இருக்கு சார்” என்றார்.

ஐந்தாம் நாள், அதிகாரி அனுமதியோடு, ஆபீஸ் செலவில் மேட்டை அள்ளினார்கள். அதை ஏற்றிப்போக முதலில் வந்து நின்றது அந்த வண்டிக்காரரின் வண்டி. “ஆபீசே அள்ளுது, நமக்கு என்ன கௌரவம்” என்று மற்றவர்களும் தங்கள் குவியலை அள்ளினார்கள். அதன்பின் யாரையும் மறிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. செங்கல் தூளைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக, எங்கள் மேடு இருந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. இரண்டு அரசு ஊழியர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதோடு போட்டி போட்டு ஏரிவரை ஓடினோம். என் செருப்பில் ஒன்று திரும்பி வரவில்லை. நான் அதைத் தேடவும் இல்லை.

நேற்று குரும்பலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பயமென்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்த வாரம் பூரா அவரு சோறே திங்கல சார். நோட்டீசத் திருப்பி வாங்கிடலாம்னு ரெண்டு தடவ கெளம்புனாரு. ‘அந்த மனுசன் நடுங்கிக்கிட்டே அடிச்சுக் குடுத்துட்டாரு, அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது’ன்னு திரும்ப உக்காந்துட்டாரு.”

அந்த நோட்டீசின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. என் நடுக்கத்தின் அடையாளம் என்று வெட்கப்பட்டு இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. இனிக் காட்டுவேன்.

நான்காவதாக நான் எழுதியது தவறு. அவரும் பயந்தார். என்னைப் பார்த்துத்தான் பின்வாங்காமல் நின்றார் என்பதை எந்த எண்ணின் கீழ் எழுதுவதென்று தெரியவில்லை.